டபுள் தையல் தைத்த பஞ்சுத்திரை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். டபுள் தையல் என்று கேட்டால் போதும், தெருவே கை நீட்டி வழி காட்டும். துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில், சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டிருக்கும் தையல் கடை அவளுடையது. உள்ளே ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், அவள். வாடிக்கையாளர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பட்டம் வந்த கதை சிரிப்பானது. பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்த பையன் ஒருவனின் கால்சட்டை இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டது. துணி கிழிந்தது, கிழிந்தது, தையல் வரைக்கும் கிழிந்தது. தையல் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காவலாளி ஏணி கொண்டுவரும்வரை பயல் அந்தரத்தில் தொங்கினான். மறுநாள் அவனுடைய அம்மா கிழிந்த கால்சட்டையோடு சண்டைக்கு வந்தாள். இவளோ அதை வாங்கி, தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, ஒரு நூலாவது அறுந்திருக்கா?" என்று பெருமையோடு கேட்டாள். அந்தக் கதை தெருவெல்லாம் பரவி, அன்றிலிருந்து அவள் டபுள் தையல் ஆனாள்.

எதைத் தைத்தாலும் இரண்டு முறை. தலையணை உறைக்கும் இரண்டு முறை, கைக்குட்டைக்கும் இரண்டு முறை. தொழில் கற்ற காலத்தில் பருத்தி நூல் அறுந்து அறுந்து அவள் உயிரை வாங்கியது. பளபளவென்று பாலியஸ்டர் நூல் வந்த நாளிலிருந்து வேறு நூலை அவள் கையால் தொட்டதில்லை. கைப்பையில் சீப்பு இல்லாவிட்டாலும் ஒரு நூல்கண்டு இருக்கும்.

வீட்டுக்காரர் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். "அவர் கிழிக்கிறார், நான் தைக்கிறேன், குடும்பம் ஓடுது" என்பாள். ஒரே மகன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி தண்ணீரில் கிடப்பான். அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண், கடலாராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நல்ல உயரம், கண்ணாடி, ஓட்டமும் நடையுமாக ஒரு போக்கு. வந்த அன்றைக்கே மாமியாரின் கண் மருமகளின் சட்டையில் போய் நின்றது. மேலிருந்து இரண்டாவது பித்தான் ஸ்டேப்ளர் பின்னில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"அவசரத்துக்கு அடிச்சேன் அத்தை. நல்லாத்தான் நிக்குது."

டபுள் தையலுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஏனென்று அவளுக்கே தெரியாது. இரண்டு பேரும் ஒரே மாதிரி கத்திப் பேசுவார்கள் என்பதுதான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

மருமகளின் வேலை கடலில் கரையாமல் கிடக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளைப் பற்றியது. பையும் பாட்டிலும்தானே என்று மாமியார் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது மருமகள் போட்டு உடைத்தாள். "நம்ம துணியிலிருந்தும் போகுது அத்தை. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழை உதிருது. வாய்க்கால் வழியா நேரா கடலுக்கு."

தன் கடையையே யாரோ திட்டிவிட்டது போல இருந்தது அவளுக்கு. "நான் தைச்சதுல ஒரு இழை உதிராது!" என்று சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டாள்.

மருமகள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரொட்டித் துண்டு கனத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு பஞ்சு. கணவாய் மீனின் உடம்புக்குள் கண்ணாடி மாதிரி ஒரு தண்டு இருக்குமே, மீன் நறுக்குபவர்கள் உருவித் தூர எறிவார்களே, அதையும் பருத்தியையும் கரைத்து, கலந்து, உறையவைத்து, உலர்த்திச் செய்தது. வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நீல நிற பிளாஸ்டிக் தூளைக் கொட்டிக் கலக்கி, அந்தப் பஞ்சின் வழியாக இன்னொரு டம்ளரில் ஊற்றினாள். இந்த டம்ளரில் நீலக் கலங்கல். அந்த டம்ளரில் குடிக்கிற தண்ணீர். பஞ்சு மட்டும் நீலமாகியிருந்தது.

"இன்னொரு தடவை செய்!" என்றாள் மாமியார். செய்தாள். "இன்னொரு தடவை!" அன்றைக்குக் குழம்பு ஆறி அவலாய்ப் போனதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் பஞ்சை மோந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பூனை தூக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்ன தைப்பதென்றாலும் டபுள் தையல்தான் என்றாகிவிட்டது. அங்கே எல்லாரும் கிளிப்பச்சை நிறத்தில் பருத்திக் கோட்டு போட்டுக்கொள்வார்கள். கோட்டிலிருந்து உதிரும் இழை சோதிக்கும் தண்ணீரில் விழுந்துவிட்டால், பச்சையைப் பார்த்ததும் இது நம்முடையது என்று ஒதுக்கிவிடலாம். அந்தக் கோட்டுகளைத் தைத்தவள் இவள். துணி பருத்திதானா என்று ஒரு மூலையைக் கொளுத்திப் பார்த்து, காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் வந்த பிறகே கத்தரியைத் தொட்டாள். அதில் அவள் படு கறார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வாய்க்கால் விவகாரம் வந்தது. ஊர்ச் சலவைத் தண்ணீரெல்லாம் கடலில் விழும் வாய்க்காலின் வாயில் பஞ்சுத்திரை கட்டிப் பார்க்கத் துறைமுகக் கமிட்டி அனுமதி கொடுத்தது. ஒரே ஒரு சனிக்கிழமை. திரைக்கு முன்னால் உள்ள தண்ணீரைவிடப் பின்னால் உள்ள தண்ணீர் சுத்தமாக இருந்தால் திரை அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவரும் சொல்லிவிட்டார்: தேறாவிட்டால் பஞ்சு அலமாரிக்குப் போகும், மருமகள் மீன் கணக்கெடுக்கப் போவாள்.

"எனக்கு மீன் எண்ண வேண்டாம் அத்தை" என்று மருமகள் சொன்ன குரல், டபுள் தையலின் நெஞ்சில் தைத்துக்கொண்டது.

"எண்ண மாட்டே. நான் தைச்சுத் தர்றேன். புயலே வந்தாலும் அந்தத் திரை அசையாது."

பஞ்சுப் பலகைகளை வரிசையாக இணைத்து, ஓரத்துக்குப் பருத்திப் பட்டை வைத்து, அந்தப் பட்டையையும் கொளுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டு, புத்தம்புது நூல்கண்டு பிரித்துத் தைத்தாள். இரண்டு முறை. அதுவும் போதாது என்று சில இடங்களில் மூன்றாவது முறையும் ஓட்டினாள். முடித்ததும் திரையின் இரு முனைகளையும் வீட்டுக்காரரும் அவளுமாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்தான் தடுமாறி விழுந்தார்.

புதன்கிழமை ஆராய்ச்சிக்கூடத் தொட்டியில் ஒத்திகை. மதியம் மருமகள் வீட்டுக்கு வரவில்லை. 'சாப்பாடு வேண்டாம்' என்று போனில் செய்தி மட்டும் வந்தது. பசி என்றால் மேஜையைத் தட்டுகிற பெண் சாப்பாடு வேண்டாம் என்கிறாள் என்றால் ஏதோ சரியில்லை. டபுள் தையல் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு சரிவில் விறுவிறுவென்று இறங்கினாள். வாசலில் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், மருமகள் நுண்ணோக்கி முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"என்ன ஆச்சும்மா?"

"திரைக்கு முன்னாடி இருக்கிற தண்ணியை விடப் பின்னாடி இருக்கிறதுல இழை அதிகமா இருக்கு அத்தை. சுத்தமா வடிகட்டின தண்ணியை விட்டுப் பாத்தேன். அதுலயும் வருது. நம்ம பஞ்சுதான் உதிருதோன்னு சூடான ஊசியால தொட்டேன். பஞ்சுன்னா கருகணும். இது உருகுது. பிளாஸ்டிக்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எடுக்கறதுக்குன்னு செஞ்சது அதுவே போடுது. எங்கேருந்து வருதுன்னே புரியல. நான் தோத்துட்டேன்."

டபுள் தையல் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, "நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றாள். இத்தனை நாள் வந்தும் அந்தக் கருவியில் அவள் கண் வைத்ததில்லை. மருமகள் எழுந்து இடம் விட்டாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மருமகள் ஏதோ திருகைத் திருகினாள். சட்டென்று வெளிச்சம் தெளிந்தது. வெள்ளை வட்டத்தின் நடுவில் கயிறு மாதிரி ஒன்று, இழைகள் முறுக்கிக்கொண்டு, ஒரு முனை கத்தரியால் வெட்டின மாதிரி மழுங்கலாக, பளபளவென்று கிடந்தது.

"அட! இங்க பாருடி!" என்று டபுள் தையல் கூவினாள். ஊரில் இல்லாத உறவுக்காரரைச் சந்தையில் பார்த்த சந்தோஷம் அவளுக்கு. "என்ன முறுக்கு பாரு! எவ்வளவு நெருக்கம் பாரு! இந்த முறுக்கு வேற எந்த நூல்லயும் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பாத்துச் சொல்வேன், இது என் நூல்தான்!"

மருமகள் திருகிலிருந்து கையை எடுத்தாள். தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அத்தை" என்றாள் மருமகள், மெதுவாக. "என்ன சொன்னீங்க?"

டபுள் தையல் கருவியிலிருந்து கண்ணை எடுத்தாள். சொன்னது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. கைப்பையைத் திறந்து நூல்கண்டை எடுத்து நீட்டினாள். மருமகள் ஒரு விரற்கடை நூலை வெட்டி, சூடான ஊசியால் தொட்டாள். நூல் சுருண்டு, உருகி, கடுகளவு உருண்டையாக நின்றது.

துணியைக் கொளுத்திப் பார்த்தவள், பட்டையைக் கொளுத்திப் பார்த்தவள், நூலைக் கொளுத்திப் பார்க்கவில்லை. அவளுக்குத் துணி என்றால் துணி, நூல் என்றால் நூல். நூலையும் ஒரு துணியாக எந்தத் தையல்காரி நினைப்பாள்? ஒரு முறையோடு விட்டிருந்தால் பாதிதான் உதிர்ந்திருக்கும். இவள் இரண்டு முறை, மூன்று முறை என்று ஓட்டி, மீதி நுனிகளைக் கத்தரித்து, அந்தத் துணுக்குகளையும் பஞ்சுக்குள்ளேயே விட்டிருந்தாள். கோட்டுகளுக்கும் இதே நூல்தான். அது பச்சை நூலானதால் கோட்டோடு கோட்டாக ஒதுக்கப்பட்டுப் போனது. திரைக்குப் போட்டது வெள்ளை.

ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உன் வேலையில நானே மண்ணைப் போட்டுட்டேனே" என்றாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. இத்தனை வருஷமாக எந்தத் தையலைக் காட்டி மார் தட்டினாளோ, அதுதான் இந்தப் பெண்ணை அழவைத்திருக்கிறது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

மருமகளோ பேய் பிடித்தவள் போலச் சிரித்தாள். அத்தையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "அத்தை, புரியலயா? பஞ்சு மேல தப்பில்ல! நூல்தான்! வெறும் நூல்! பஞ்சு ஒழுங்கா வேலை செய்யுது!" அங்கேயே குதித்தாள். "நானும்தான் கேக்கல. துணி என்னன்னு கேட்டேனே தவிர, நூல் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? இவ்வளவு படிச்சிட்டு ஸ்டேப்ளர் அடிக்கிறவளுக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்? முதல்ல சாப்பாட்டை எடுங்க. பசி உயிர் போகுது."

வெட்கம் ஓடவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே ஒரு வேகம் வந்து உட்கார்ந்துகொண்டது டபுள் தையலுக்கு. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்று சாயங்காலமே முற்றத்தில் திரையை விரித்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். பிரிந்தால்தானே! "எந்தப் புண்ணியவதி தைச்சது இதை!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் தையல் விழுந்த ஓரங்களையே மொத்தமாகக் கத்தரித்துத் தள்ளினார்கள். பட்டையைக் கிழிக்க வீட்டுக்காரர் வந்து நின்றார். "கிழிக்கிற வேலைன்னா என்னையில்ல கூப்பிடணும்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிழைத்த பஞ்சுகளை நன்றாக அலசி, மறுபடி வடிகட்டிய தண்ணீர் விட்டுப் பார்த்தாள் மருமகள். ஒரு இழை இல்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி இரண்டு பேரும் கத்தினார்கள்.

இனி எதில் தைப்பது? பருத்தி நூல் அந்தக் கனத்துக்கு மிஷினில் பட்டுப் பட்டென்று அறுந்தது. டபுள் தையல் அறுந்த நூலைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பதில் அவளுக்கு முன்பே தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை. சந்தை முனையில் மூட்டை தைப்பவர் ஒருவர் இருக்கிறார். சணல் நூல், கோணி ஊசி, விரல் போகிற இடைவெளியில் ஒற்றைத் தையல். அவரைக் கடந்து போகும்போதெல்லாம் "இதெல்லாம் ஒரு தையலா" என்று வாய் கூசாமல் சொன்னவள் இவள். இப்போது அவர் முன்னால் போய் நின்றாள்.

"வாங்க டபுள் தையல்!" என்றார் அவர், காதுவரை சிரித்துக்கொண்டு. "மூட்டை தைக்கக் கத்துக்க வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அவர் கேலியை அத்தோடு நிறுத்தி, ஒரு சணல் உருண்டையும் ஊசியும் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதில் ஒரு துண்டைக் கொளுத்தினாள். காகித வாசனை. சாம்பல். "தேறிடுச்சு!" என்றாள் மருமகள்.

கனத்த பஞ்சு, ஒருவரால் ஊசியைக் குத்தி அந்தப் பக்கம் வாங்க முடியாது. கொடிக்கம்பியில் திரையைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் மருமகள். "குத்தறேன்!" என்பாள் ஒருத்தி. "பிடிச்சேன்!" என்பாள் மற்றவள். ஊசி போகும், வரும். கொஞ்ச நேரத்தில் அதற்கொரு தாளம் வந்துவிட்டது. மருமகள் அடிக்கடி விரலில் குத்திக்கொண்டு "ஆ!" என்றாள். சுவர்மேல் பூனைகள் வரிசையாக உட்கார்ந்து மேற்பார்வை செய்தன.

"இன்னொரு ஓட்டு ஓட்டிடலாம்மா" என்று கடைசி வரிசையில் மாமியார் கெஞ்சினாள்.

"வேண்டாம் அத்தை. ஓட்டை அதிகமானா தண்ணி அது வழியா நழுவிடும். ஒண்ணு போதும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒற்றைத் தையலோடு ஊசியை வைத்தாள். ஆனாலும் தையலைத் திரும்பத் திரும்ப விரலால் நீவினாள்.

சனிக்கிழமை காலை திரையை ஒரு கம்பில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். பின்னால் பூனைகள். அதற்குப் பின்னால் தெருவில் பாதி. வாய்க்கால் வாயில் துறைமுக அதிகாரி மொடமொடவென்று சலவைச் சட்டையில் காத்திருந்தார். திரையைக் கட்டும்போது குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, மூட்டை தைச்ச மாதிரி இருக்கு?"

தெருவே டபுள் தையலைப் பார்த்தது. "மூட்டைத் தையல்தாங்க" என்றாள் அவள். "நான்தான் தைச்சேன்."

சலவைக் கடைகள் தண்ணீர் திறந்துவிட்டன. நுரையும் கலங்கலுமாக வாய்க்கால் பொங்கி வந்து திரையில் மோதியது. திரை வயிறு புடைத்தது. மேல்மூலையில் சணல் இழுபட்டு, தையல் இடைவெளி வாய் திறப்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஓடிப்போய்க் கையால் பொத்திக்கொள்ளலாமா என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். மருமகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தண்ணீர் ஏற ஏற, திறந்த இடைவெளி மெல்லச் சுருங்கியது. சணல் தண்ணீர் குடித்து உப்பி, ஊசித் துளையை அடைத்துக்கொண்டு இறுகியது.

"நூல் ஊறிடுச்சு!" என்று டபுள் தையல் அலறினாள். "பாரு, பாரு, ஊறி இறுகிடுச்சு! என் நூல் ஜென்மத்துல இப்படிப் பண்ணாது!" அதிகாரியின் சலவைச் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இரு பக்கத்துத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு எல்லாருமாக ஆராய்ச்சிக்கூடத்துக்கு நடந்தார்கள். முன்பக்கத் தண்ணீரை வடிகட்டிய தாளை நுண்ணோக்கியில் வைத்தபோது அதிகாரி "அம்மாடி!" என்றார். நீலம், சிவப்பு, கறுப்பு என்று அத்தனை நிறத்தில் இழைகள். மாலையில் டபுள் தையல் கடையைக் கூட்டி அள்ளும் குப்பை மாதிரியே இருந்தது.

பின்பக்கத் தாளை வைத்துவிட்டு மருமகள் விலகி நின்றாள். "என்னால பாக்க முடியாது. அத்தை, முதல்ல நீங்க பாருங்க."

டபுள் தையல் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இரண்டொரு பழுப்புச் சணல் துணுக்கு. கோட்டிலிருந்து விழுந்த ஒரு பச்சை. திருகைத் தானே திருகி ஓரத்துக்கு ஓரம் தேடினாள். அன்றைக்குப் பார்த்த அந்தப் பளபளப்பை, அந்த முறுக்கை. நீலம் இல்லை, சிவப்பு இல்லை, அவளுடைய வெள்ளையும் இல்லை.

"என்ன அத்தை?" மருமகள் அவள் தோளைப் பிடித்தாள்.

"என் நூல் இல்ல" என்றாள். நிமிர்ந்தபோது கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமே இல்லடி! வந்து பாரு, ஒண்ணுமே இல்ல!"

தன் வேலை எங்கும் தென்படாததற்காக ஒரு தையல்காரி அழுது சிரித்ததை அந்த அறை பார்த்தது. மருமகள் அவளைக் கட்டிக்கொண்டாள். அதிகாரியும் பார்த்தார், மறுபடி பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். "திரை அங்கேயே இருக்கட்டும். கிழக்குப் பக்கம் இன்னொரு வாய்க்கால் இருக்கு. அதுக்கும் இதே மாதிரி ஒண்ணு தைச்சுத் தர முடியுமா? இதே மூட்டைத் தையல்தான் வேணும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டபுள் தையல் சந்தை முனையில் நின்று இன்னொரு கோணி ஊசி வாங்கினாள். "எனக்கில்லைங்க. என் மருமகளுக்கு" என்று மூட்டைக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள். பிறகு திரும்பி மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையில் இரண்டாவது பித்தான் இன்னும் ஸ்டேப்ளர் பின்னில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே நீயும் தையக்காரி. முதல்ல அந்தப் பித்தானைத் தை."

குத்துப்பட்ட விரல்களால் மருமகள் ஊசியை வாங்கிக்கொண்டாள். "தைக்கிறேன்" என்றாள். "எந்த நூல்ல தைக்கட்டும் அத்தை?"

நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் படகுத்துறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.